ட்ராக்குக்குத் தயார் செய்த காரில் வரும் பிழைகள்: பிரேக், சஸ்பென்ஷன், சில்லு

கட்டுக்குருந்த ரேஸ் ட்ராக்கில் ஒரு காலை ஓடிவிட்டு வரும் தம்பிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்தப் பிரேக் கிட் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "பெடல் கீழே போனதா, இல்லை கல்லு மாதிரி நின்றதா?" பலருக்கு அது ஞாபகம் இருக்காது. அந்த விவரம் தெரியாமல், கொழும்பில் கார்ப் பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால், இலட்சக்கணக்கில் செலவழித்துப் பாகம் வாங்கிப் பூட்டிய பிறகும் அதே பிழை அதே வளைவில் வந்து நிற்கும். பெடல் கீழே போவதற்கும் கல்லாக நிற்பதற்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

அதனால் இதைப் பாகங்களின் வரிசையில் எழுதவில்லை, அறிகுறிகளின் வரிசையில் எழுதுகிறேன். எண்கள் கேட்டால் என்னுடைய டொயோட்டா ஜிடி86 காரின் எண்களைத்தான் சொல்வேன்: முன் டிஸ்க் 294 மில்லிமீற்றர், பின் டிஸ்க் 290, கம்பெனி ரிம் 17 அங்குலத்துக்கு 7, ஒஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம்) 48 மில்லிமீற்றர், டயர் 215/45. உங்கள் கார் வேறு என்றால் எண் மாறும், சோதிக்கும் முறை மாறாது. ஒரு கொப்பியும் பேனாவும் காரிலேயே இருக்கட்டும். எத்தனையாவது சுற்றில், எந்த இடத்தில், பிரேக்கில் கால் வைத்தபோதா எடுத்த பிறகா என்று இறங்கிய கையோடு எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி கற்பனையாகிவிடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டு முறை பம்ப் பண்ணினால் மேலே வருகிறது

முதல் இரண்டு சுற்று நன்றாக இருந்து மூன்றாவதிலோ நான்காவதிலோ இது வந்தால், பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. காலிப்பருக்குள், அதாவது பேட் என்ற உராய்வுக் கட்டையை டிஸ்க்கில் அழுத்தும் பாகத்துக்குள், எண்ணெய் ஆவிக் குமிழாக மாறிவிடுகிறது. எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது, குமிழை முடியும். உங்கள் காலின் பலம் முழுவதும் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது.

எவ்வளவு சூடு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சாரதியோடு சேர்த்து 1,300 கிலோ இருக்கும் கார் மணிக்கு 160 கிலோமீற்றரிலிருந்து 60க்குக் குறையும்போது ஏறக்குறைய 11 இலட்சம் ஜூல் வெப்பம் வெளிவருகிறது. கொழும்புக் குழாயில் வரும் தண்ணீர் மூன்றரை லீற்றரை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம் அது. நீங்கள் நாலைந்து விநாடியில் அதைச் செய்கிறீர்கள், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் திரும்பச் செய்கிறீர்கள். கட்டுக்குருந்த பழைய விமான ஓடுபாதை. நீண்ட நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக் வாங்கும் அடி லேசானதில்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 தரம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடுகிறது. டொட் 3 என்றால் 205லிருந்து 140க்கு. டொட் 5.1 என்றால் 260லிருந்து 180க்கு. வருடம் முழுக்கக் காற்றில் ஈரம் நிற்கும் ஊரில் இருக்கிறோம். "இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்" என்ற கணக்கு ட்ராக்குக்குப் போகும் காருக்குப் பொருந்தாது.

எனக்கு இது நடந்த நாள் நன்றாக ஞாபகம். போவதற்கு ஒரு கிழமைக்கு முன் ஒரு கராஜில் எண்ணெய் மாற்றச் சொல்லிக் காசும் கொடுத்திருந்தேன். மேலே டாங்கியில் எண்ணெய் பளிச்சென்று தேன் நிறத்தில் இருந்தது. நாலாவது சுற்றில் பெடல் தரை வரை போனது. மூன்று முறை பம்ப் பண்ணி, கியரை இறக்கி, புல்லில் போய் நின்றேன். வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து முன் காலிப்பரின் நிப்பிளை, அதாவது எண்ணெய் வடிக்கும் திருகை, திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தேன். வந்தது கடும் சாயத்தில் போட்ட பிளேன்டீ. மேல் டாங்கியில் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றியிருக்கிறார்கள், காலிப்பரில் இருந்ததை யாரும் தொடவில்லை. கொதிப்பது காலிப்பரில் இருக்கும் எண்ணெய்தான். அன்றிலிருந்து நிப்பிளில் வரும் நிறத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் காசு கொடுப்பதில்லை.

மருந்து: நாலு சில்லிலும் புது எண்ணெய் நிறம் வரும் வரை வடிப்பது. ஒரு லீற்றர் வாங்கினால் தாராளம். ட்ராக்குக்கென்றே உள்ள எண்ணெய்கள், உதாரணமாக மோட்டுல் ஆர்பிஎஃப் 600, புதிதாக இருக்கும்போது 300 பாகைக்கு மேலும் தாங்கும். அரைவாசி பாவித்துவிட்டு மூடி வைத்த போத்தலை ஆறு மாதம் கழித்து ஊற்றாதீர்கள். டொட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கன் எண்ணெய். 5.1 வேறு, 5 வேறு. இரண்டையும் கலக்கவே கூடாது.

சூடாகாமலே, கராஜிலிருந்து எடுத்த நேரத்திலேயே பெடல் பஞ்சாக இருந்தால் அது கொதிப்பு இல்லை, உள்ளே நிற்கும் காற்று. புதுக் காலிப்பர் பூட்டிய பிறகு இது வந்தால் முதலில் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது, வலது மாற்றிப் பூட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும், நாள் முழுக்க வடித்தாலும் போகாது. நாலு பிஸ்டன் காலிப்பரில் பெரும்பாலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு நிப்பிள் இருக்கும். வெளியே இருப்பதை மட்டும் வடித்துவிட்டு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புது எண்ணெய் போட்டும் ஒவ்வொரு முறையும் கொதிக்கிறது என்றால் பேட்டின் தடிப்பைப் பாருங்கள். டிஸ்க்கின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் தடுப்பாக நிற்பது பேட் மட்டும்தான். சாலையில் மூன்று மில்லிமீற்றர் மிச்சமிருக்கும் பேட் ஓடும். ட்ராக்கில் அரைவாசி தேய்ந்ததையே நான் கழற்றி வைத்துவிடுவேன். அதற்குப் பிறகும் கொதித்தால் காற்றுக் குழாய். முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றைக் கொண்டுபோகும் மூன்று அங்குலக் குழாய் ஒன்று, விலையோடு பார்த்தால், பெரிய கிட்டை விட அதிகம் உதவும்.

பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, கார் நிற்கவில்லை

பெடல் மேலேயே இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் பிடி இல்லை, எரிந்த வாடை வருகிறது. இது பேட்டின் பிழை. சாலைக்குச் செய்த பேட் பெரும்பாலும் 350, 400 பாகைக்கு மேல் பிடியை விட்டுவிடும். ட்ராக்குக்கு ஏற்ற பேட் வேண்டும், வேறு வழி இல்லை. அந்தப் பேட் கொழும்பின் காலி வீதியில் காலையில் கீச்சிடும், ரிம் கறுக்கும், முதல் மிதியில் மந்தமாக இருக்கும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது ட்ராக் நாளுக்கு மட்டும் மாற்றிப் போட வேண்டும். நான் மாற்றிப் போடுகிறேன், முன்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணித்தியாலம்.

பேட் புத்தம் புதிதென்றால், முதல் சூட்டிலேயே அதில் உள்ள பசை ஆவியாகி டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவில் வழுக்கும். பதப்படுத்தாத பேட்டில் இது ஒருமுறை வரும். பதப்படுத்துவது எப்படியென்றால், 80லிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடுமையாக, ஆனால் முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் ஐந்தாறு நிமிடம் ஓட்டி ஆறவிடுவது. தெற்கு அதிவேகப் பாதையில் இதைச் செய்யாதீர்கள். பின்னால் 100இல் வருகிறவருக்கு நீங்கள் ஏன் பிரேக் பிடிக்கிறீர்கள் என்று தெரியாது. ட்ராக்கின் முதல் ஓட்டத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

எரிந்த வாடை இல்லை, பேட் நல்லது, டயரும் புதிதாக ஒட்டும் வகை, ஆனால் மேடு பள்ளத்தில் சடாரென்று மிதித்தபோது மட்டும் பெடல் கல்லாகிறது என்றால் அது ஏபிஎஸ், சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. ஒரு சில்லு கணநேரம் தரையை விட்டுக் கிளம்பியதும், வழுக்கும் தரை என்று நினைத்து அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. காலை ஒரு நொடி எடுத்துவிட்டுத் திரும்ப மிதியுங்கள். மிதிப்பதைப் படிப்படியாக ஏற்றினால் இது வருவது குறையும்.

முன்பக்கம் மட்டும் பெரிய கிட் போட்ட பிறகு ஏபிஎஸ் முன்னை விட சீக்கிரம் வெட்டுகிறது, ஆனால் நிற்கும் தூரம் குறையவில்லை என்றால், பிரேக் பங்கீடு முன்னுக்குப் போய்விட்டது. பின் சில்லு வேலை செய்யாமல் சும்மா உருள்கிறது. பின்னுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கடிக்கும் பேட் போட்டுப் பாருங்கள். கடையில் கிட் விற்பவர் பிஸ்டன்களின் பரப்பளவைச் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கிட்டை வாங்காதீர்கள். எத்தனை பிஸ்டன் என்பது முக்கியமில்லை, பரப்பளவுதான் கணக்கு.

நீண்ட வளைவு முடிந்ததும் முதல் மிதி ஆழமாகப் போகிறது, இரண்டாவது சரியாக இருக்கிறது

கொதிப்பு என்று நினைத்து எண்ணெய் மாற்றுகிறார்கள், பிழை போகாது. வளைவின் பாரத்தில் டிஸ்க் பக்கவாட்டில் அசைந்து பேட்டை உள்ளே தள்ளிவிடுகிறது. முதல் மிதி அந்த இடைவெளியை மூடுவதில் போகிறது. காரை உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சின்ன ஆட்டம் இருந்தாலும் பெயரிங் மாற்ற வேண்டும். பெயரிங் நல்லதென்றால், டிஸ்க், அதையும் சில்லையும் தாங்கும் ஹப்பில் தட்டையாக உட்காரவில்லை. நேர்ப்பாதையில், பிரேக் இடம் வருவதற்குச் சற்று முன், இடது காலால் பெடலை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் அன்றைய நாளை ஓட்டி முடிக்கலாம். பெயரிங் ஆட்டம் என்றால் ஓட்டி முடிக்க வேண்டாம்.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது

"டிஸ்க் வளைந்துவிட்டது, கடைந்து தருகிறேன்" என்று சொல்வார்கள். டிஸ்க் உண்மையிலேயே வளைவது மிக அரிது. இரண்டு காரணங்கள்தான் அடிக்கடி வருபவை.

முதலாவது, பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பது. கொதிக்கும் பிரேக்கோடு வந்து நிறுத்தி, கால் பெடலிலேயே இருந்தாலோ ஹான்ட்பிரேக் இழுத்தாலோ, பேட்டின் வடிவம் அப்படியே டிஸ்க்கில் பதிந்துவிடும். வெயிலில் பிடித்துப் பாருங்கள், பேட்டின் அளவிலேயே ஒரு சாம்பல் நிறத் திட்டுத் தெரியும். பேட்டைத் திரும்பப் பதப்படுத்தினால் பல நேரம் போய்விடும். போகாவிட்டால் கார்னெட் தாளால் டிஸ்க்கைத் தேய்த்துவிட்டுச் செய்யுங்கள். இனிமேல் கடைசிச் சுற்றைப் பிரேக் இல்லாமல் மெதுவாக ஓட்டி, வந்ததும் கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். ஹான்ட்பிரேக் வேண்டாம்.

இரண்டாவது காரணம் நம் ஊருக்கே உரியது. என் வீடு வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். கடற்காற்று நேரே முற்றத்துக்கு வரும். புது டிஸ்க் பூட்டி இரண்டு கிழமையில் நடுக்கம் வந்தது. விற்ற கடையில் டிஸ்க்கை மாற்றித் தந்தார்கள், பத்து நாளில் திரும்ப வந்தது. எனக்கு அந்தக் கடை மேலே கோபம். பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜ் பாஸ், வயதான மெக்கானிக், டிஸ்க்கைப் பார்க்கவே இல்லை. அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஹப்பின் முகத்தைப் பெருவிரலால் தடவினார். ஆணி முளைக்கும் இடத்தைச் சுற்றி, மண்ணிறத்தில், கருவாட்டுச் செதிள் மாதிரி ஒரு படை. ஸ்குரூடிரைவர் நுனியால் சுரண்டினால் தகடு தகடாக விழுந்தது. "தம்பி, இதுக்கு மேலே எந்த டிஸ்க் வெச்சாலும் கோணல்தான்" என்றார். கம்பி பிரஷும் எமரித் தாளும் வைத்து அரை மணி நேரம் தேய்த்தோம், ஒவ்வொரு ஆணியின் அடியிலும். பிறகு டிஸ்க்கை வைத்து நட் எல்லாம் இறுக்கி, கோணலை அளக்கும் டயல் கேஜ் ஊசியை டிஸ்க்கின் ஓரத்துக்குச் சற்று உள்ளே வைத்துச் சுழற்றினார். தேய்ப்பதற்கு முன் 0.12 மில்லிமீற்றர் காட்டியது, பிறகு 0.03. பொதுவாக 0.05க்குள் இருக்க வேண்டும். முன்னாலிருந்த இரண்டு டிஸ்க்கிலும் பிழையில்லை.

ஓரத்தில் 0.1 மில்லிமீற்றர் கோணல் உடனே நடுங்காது என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். ஒவ்வொரு சுற்றுக்கும் பேட் ஒரே இடத்தை உரசி உரசி, சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகுதான் நடுக்கமாகிறது. அதனால் "பூட்டிய அன்று நன்றாக இருந்தது" என்பது ஹப் நல்லதென்பதற்குச் சாட்சியில்லை. டிஸ்க் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஹப்பைச் சுத்தம் செய்து, செம்புக் கிரீஸ் மிக மெல்லிசாகப் பூசுங்கள், ஆணியின் பிரியில் படாமல்.

டிஸ்க்கைக் கையில் எடுத்திருக்கும்போது விரிசலையும் பாருங்கள். தலைமயிர் மாதிரி நுண்ணிய கோடுகள் பரப்பெங்கும் இருப்பது சூட்டின் அடையாளம், ஓடலாம். அதில் ஒன்று நகத்தைத் தடுக்கினாலோ வெளி ஓரம் வரை போனாலோ அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது. துளை போட்ட டிஸ்க்கில் விரிசல் துளையிலிருந்து துளைக்குப் பாயும். அழகாக இருக்கும், ட்ராக்குக்கு நான் போடுவதில்லை. உண்மையான சூடு தெரிய வேண்டுமென்றால் டிஸ்க்கின் ஓரத்தில் வெப்பம் காட்டும் பெயின்ட் மூன்று பொட்டு வையுங்கள். ஏபி ரேசிங் பெயின்டில் பச்சை 430 பாகையிலும், ஒரேஞ்ச் 560இலும், சிவப்பு 610இலும் நிறம் மாறும். அப்புறம் பேட் வாங்கும்போது யாருடைய அபிப்பிராயமும் தேவைப்படாது.

பிரேக் பிடிக்காமலே நடுக்கம்

80க்கும் 110க்கும் இடையில் வந்து, வேகம் கூடினால் குறைகிறதென்றால் பாலன்ஸ். ஸ்டியரிங் நடுங்கினால் முன் சில்லு, இருக்கை நடுங்கினால் பின் சில்லு. ட்ராக் நாளுக்குப் பிறகே தொடங்கியதென்றால் ரிம்முக்குள் ஒட்டியிருந்த ஈயக் கட்டி சூட்டில் கழன்றிருக்கும், பசையின் அடையாளம் தெரியும். மழைக்குப் பிறகு தொடங்கியதென்றால் குழியில் விழுந்து ரிம் உள்பக்கம் நசுங்கியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. புது ரிம்மில் முதல் நாளிலிருந்தே நடுங்கினால் நடு ஓட்டையைப் பாருங்கள். ஜிடி86இன் ஹப் 56.1 மில்லிமீற்றர், கடையில் வாங்கும் ரிம்மின் ஓட்டை பெரும்பாலும் அதைவிடப் பெரிது. நடுவில் வளையம் போட வேண்டும்.

வளைவில் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது

ஸ்ப்ரிங்கைத் தொடாதீர்கள், முதலில் டயரைக் கேளுங்கள். ஓடி வந்த உடனே, ஊசி குத்தும் வெப்பமானியால் டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் பார்த்து எழுதுங்கள். மேற்பரப்பை மட்டும் காட்டும் லேசர்த் துப்பாக்கி பிட்டுக்குள் வந்து நிற்பதற்குள் பொய் சொல்லத் தொடங்கிவிடும். உட்பக்கம் வெளியை விட ஐந்து முதல் பத்துப் பாகை சூடாக இருந்தால் நல்லது. வெளிப்பக்கம் சூடு என்றால் காம்பர் (சில்லின் மேற்பகுதி உள்ளே சாயும் கோணம்) போதாது. நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம்.

நான் பார்க்கும் பத்தில் ஆறு காரில் பிழை காற்றில்தான். வீட்டில் 33 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு வருவார்கள், நாலு சுற்றில் அது 40ஐத் தொடும். டயரின் உள்ளே இருக்கும் காற்று ஆறேழு பாகை சூடானால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ ஏறும். நான் காலையில் 27இல் தொடங்குவேன், ஓடி வந்ததும் 33, 34இல் நிற்க வேண்டும். அதிகமானால் அப்போதே இறக்குவேன். வீடு திரும்பும் முன் மறக்காமல் திரும்ப அடித்துவிடுங்கள், குளிர்ந்ததும் அது 26க்குக் கீழே போயிருக்கும்.

காற்று சரியான பிறகும் வெளிப்பக்கம் தேய்ந்தால் காம்பர். ஷொக்கே சில்லை மேலே தாங்கும் ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷன், கார் சரியும்போது காம்பரை இழக்கும். மைனஸ் 2.5 முதல் 3 பாகை வரை வைத்தால்தான் சரிந்த நிலையில் டயர் தட்டையாக உட்காரும். "உள்பக்கம் தின்றுவிடுமே" என்று பயப்படுவார்கள். உள்பக்கத்தைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது சில்லின் முன்நுனி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. முன் டோவைச் சுழியத்தில் வையுங்கள், காம்பர் அவ்வளவு தின்னாது. காம்பரை மாற்றினால் டோ தானாக மாறும், அதனால் டோவைக் கடைசியில்தான் சரிபார்க்க வேண்டும். அலைன்மன்ட் செய்பவரிடம் பச்சை நிறம் வந்ததா என்று கேட்காமல், அச்சடித்த எண்களை வாங்கி வந்து கொப்பியில் ஒட்டுங்கள்.

அழகுக்காக மிகவும் கீழே இறக்கிய காரிலும் இதே அறிகுறி வரும், அலைன்மன்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும். காரைத் தரையில் நிறுத்தி, சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையைப் பாருங்கள். உள் நுனியை விட வெளி நுனி உயர்ந்து நின்றால் அளவுக்கு மேல் இறக்கிவிட்டீர்கள். அப்போது கார் சரிவது கூடும், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக ஆடும். என் காரில் 30 மில்லிமீற்றருக்கு மேல் இறக்கியதில் ஒரு பயனும் காணவில்லை. பத்து மில்லிமீற்றர் திரும்ப உயர்த்திய அன்று கார் திரும்பியது.

வளைவின் நடுவில் பின்பக்கம் திடீரென்று வீசுகிறது

திடீரென்று என்பதுதான் இங்கே முக்கியமான சொல். படிப்படியாக வழுக்கினால், கார் சரிவதைக் குறைக்கும் பின் ஸ்டபிலைசர் கம்பி கடினம், அல்லது பின் டோ வெளியே திறந்திருக்கிறது, அல்லது பின் டயர் பழசு. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. டயர்க் கட்டை தேயாமல் நிறைய இருந்தாலும் இறுகிப்போன ரப்பர் பிடிக்காது.

வளைவில் ஒரு சின்ன மேட்டில், முன் அறிவிப்பே இல்லாமல் வீசினால், ஷொக் அதன் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டொப்பில் முட்டியிருக்கிறது. முட்டிய கணத்தில் ஸ்ப்ரிங்கின் கடினம் பல மடங்காகிறது, டயர் தாங்காது. கண்டுபிடிக்க ஒரு கேபிள் டை போதும். ஷொக்கின் தண்டில் இறுக்கமாகக் கட்டி உடலோடு ஒட்டித் தள்ளி வையுங்கள், ஓடி வந்து எங்கே நிற்கிறதென்று பாருங்கள். பம்ப் ஸ்டொப் வரை போயிருந்தால், உயரத்தைக் கூட்டுங்கள் அல்லது கடினமான ஸ்ப்ரிங் போடுங்கள். ஸ்ப்ரிங்கின் கீழ் வளையத்தைத் திருகி இறுக்கினால் ஸ்ப்ரிங் கடினமாகாது, எத்தனை திருகு திருகினாலும், ஒரு மில்லிமீற்றர் அமுங்க 6 கிலோ கேட்கும் ஸ்ப்ரிங் 6 கிலோதான் கேட்கும்.

ஷொக்கின் கிளிக்கைத் திருகுவதென்றால் முழுவதும் மூடி, எண்ணித் திறந்து, எண்ணை எழுதுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம். முன், பின், காற்று மூன்றையும் ஒரே இடைவேளையில் மாற்றியவருக்கு எது வேலை செய்ததென்று அவராலேயே சொல்ல முடியாது.

டக் டக் என்று சத்தம்

மெதுவாக ஓடும்போது, ரயில் கடவையைத் தாண்டும்போது கேட்டால் ஸ்டபிலைசர் லிங்க், அல்லது மேல் மவுன்டின் நட். நின்ற காரில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ப்ரிங் துள்ளிச் சத்தம் போட்டால் மேல் பெயரிங். பிரேக் பிடிக்கும்போது ஒரு முறை மட்டும் டக் என்றால் கீழ்க் கையின் புஷ் (மூட்டு ரப்பர்), அல்லது காலிப்பர் போல்ட். காலிப்பர் போல்ட்டை அங்கேயே பாருங்கள், வீடு வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

கொயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஷொக்கும் ஸ்ப்ரிங்கும்) போட்ட சில மாதத்திலேயே புஷ் கிழிந்தால், பூட்டியவர் சில்லு தொங்கும்போது போல்ட்டை இறுக்கியிருக்கிறார். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, கார் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முறுக்குண்டு கிடக்கும். எல்லாவற்றையும் கையால் மாட்டி, சில்லில் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு முறிந்திருந்தால் அசைந்திருக்கிறது.

டயர் உரசுகிறது

எங்கே பளபளக்கிறதென்று பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லும். முழுதாகத் திருப்பும்போது உள் பிளாஸ்டிக்கில் என்றால் ஒஃப்செட். பாரம் ஏறும்போது மட்கார்ட் விளிம்பில் என்றால் அகலம் அல்லது உயரம். வாங்கும் முன் கணக்குப் போடுவது ஐந்து நிமிட வேலை. 7 அங்குலம் ஒஃப்செட் 48இலிருந்து 9 அங்குலம் ஒஃப்செட் 45க்குப் போனால், ரிம் உட்பக்கம் 22 மில்லிமீற்றரும் வெளிப்பக்கம் 28 மில்லிமீற்றரும் நீளும். 8 அங்குலம் ஒஃப்செட் 45 என்றால் உள்ளே 10, வெளியே 16. இந்த எண்ணை அளவுநாடாவால் ஷொக்கிலும் மட்கார்டிலும் வைத்துப் பாருங்கள். விட்டத்தில் 245/40 டயர் கம்பெனி டயரை விட இரண்டரை மில்லிமீற்றர்தான் பெரிது, 225/45 ஒன்பது மில்லிமீற்றர் பெரிது. அகலமான டயர்தான் உயரமாக இருக்கும் என்றில்லை.

சில்லு நட் தளர்கிறது

இது வந்தால் அன்று ஓட வேண்டாம். ஸ்பேசர் (ரிம்மை வெளியே தள்ள ஹப்பில் வைக்கும் தகடு) போட்டிருந்தால் முதலில் எத்தனை சுற்றில் நட் இறுகுகிறதென்று கையால் எண்ணுங்கள். 12 மில்லிமீற்றர் ஆணி, 1.25 பிரி என்றால் பத்துச் சுற்றாவது வேண்டும். ஆறில் இறுகினால் நீண்ட ஆணி போடும் வரை ஸ்பேசரைக் கழற்றி வையுங்கள்.

ஸ்பேசர் இல்லாமலே தளர்ந்தால் நட் உட்காரும் இடம். ஹொண்டாவின் சொந்த ரிம்களுக்கு உருண்டை முக நட், வெளியே வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு முகம். பார்வைக்கு இரண்டும் பொருந்தும், இறுகவும் செய்யும். ஆனால் தொடுவது ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான். ரிம்மைக் கழற்றி ஓட்டைக்குள் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள்: முகம் முழுதும் ஒரே சீராகப் பளபளத்தால் சரி, கூரான ஒற்றைக் கோடு விழுந்திருந்தால் நட் தவறு. அந்த ரிம்மின் இருக்கை ஏற்கனவே நசுங்கியிருந்தால் சரியான நட் போட்டாலும் நிற்காது.

என் காருக்கு 120 நியூட்டன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியதை நம்பாமல் டோர்க் ரெஞ்சால் குறுக்குக் குறுக்காக இறுக்குகிறேன், சூடாக இருக்கும்போது இல்லை, ஆறிய பிறகு. காலையில் ஒருமுறை, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஒருமுறை, பிறகு வெள்ளவத்தைக்கு வந்து அடுத்த நாள் காலை, வேலைக்குப் போவதற்கு முன், முற்றத்தில் இன்னொரு முறை.